கப்பல் மாறினால் இறைச்சி மாறிவிடுமா?

மதிப்பிற்குரிய சுங்கத்துறை அதிகாரிகளுக்கும், இறைச்சி ஏற்றுமதிக்குச் சுகாதாரச் சான்றிதழ் தருகிற, மறுகரையில் அதைச் சரிபார்க்கிற கால்நடைத் துறையினருக்கும்,

வணக்கம்.

இது எந்த ஒரு நாட்டுக்கும் எழுதிய மடல் இல்லை. இறைச்சி கப்பலேறும் துறைமுகம் எதுவாக இருந்தாலும், இறங்கும் துறைமுகம் எதுவாக இருந்தாலும், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் எழுதுகிறேன். நான் மேசைக்கு இந்தப் பக்கம் கோப்போடு நிற்கிற ஆள். கால்நடை வளர்ப்பதும் இல்லை, அறுப்பதும் இல்லை, விற்பதும் இல்லை. விற்பனை முடிந்தது என்று தகவல் வந்ததும் விற்பனை விலைப்பட்டியலான இன்வாய்ஸில் தொடங்கி, சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங் வரை எல்லாக் காகிதங்களையும் தயார் செய்து, ஒன்றுக்கொன்று முரண்படாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. வருடக்கணக்காக இதையே செய்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். எலும்பு நீக்கி உறைய வைத்த மாட்டிறைச்சி, ரீஃபர் எனும் நாற்பது அடிக் குளிர்சாதன கன்டெய்னர் ஒன்று. பெட்டிக்கு 20 கிலோ, 1,250 பெட்டி, ஆக 25 டன். செவ்வாய்க்கிழமை ஏற்றினோம். அரசு கால்நடை மருத்துவர் நின்று பார்த்து, கதவைச் சாத்தி சீல் போட்டதும் சுகாதாரச் சான்றிதழில் கையெழுத்திட்டார். அந்தச் சான்றிதழில் கப்பலின் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. புக்கிங்கில் என்ன பெயர் இருந்ததோ அதைத்தான் எழுதியிருந்தோம். வெள்ளிக்கிழமை இரவு கப்பல் நிறுவனத்திடமிருந்து இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது: இடம் இல்லை, உங்கள் கன்டெய்னர் அடுத்த கப்பலில் போகும். தொழிலில் இதை ரோல் ஓவர் என்பார்கள். மழை பெய்கிற மாதிரிதான், யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை.

அடுத்த கப்பல் ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டது. திங்கட்கிழமை காலையில் பில் ஆஃப் லேடிங்கில் புதுப் பெயர் ஏறிவிட்டது, சுங்க அறிவிப்பிலும் மதியத்துக்குள் திருத்திவிட்டார்கள். சுகாதாரச் சான்றிதழில் மட்டும் பழைய கப்பல். மருத்துவரிடம் போய் நின்றோம். "சரக்கு என் கட்டுப்பாட்டை விட்டுப் போய்விட்டது. இனி அதைப் பற்றி நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. விதி அப்படித்தான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

மறுகரையில் கன்டெய்னர் இறங்கியது. சான்றிதழில் ஒரு கப்பல், வந்தது வேறு கப்பல். நிறுத்தி வைத்தார்கள். சீல் உடையவில்லை, எண் பொருந்தியது, வெப்பநிலைப் பதிவில் ஒரு மணி நேரம்கூடப் பிசகில்லை. ஆனாலும் 17 நாள் மின் இணைப்பில் நின்றது. கடைசியில் இங்குள்ள துறை அங்குள்ள துறைக்கு நான்கு வரிக் கடிதம் அனுப்ப, விட்டுவிட்டார்கள். அந்தப் 17 நாளும் நான் யோசித்தது தலைப்பில் உள்ள கேள்வியைத்தான்.

காகிதமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. 1920-இல் தெற்காசியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் போன செபு மாடுகளை வழியில் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கினார்கள். மாடுகளோடு, மாடுகளைக் கொல்லும் வெக்கை நோயும் இறங்கியது. பெல்ஜியத்தில் பரவிய அந்த நோய்தான் நாடுகளை ஒன்றுகூட வைத்தது. 1924 ஜனவரியில் 28 நாடுகள் கையெழுத்திட்டு, இன்று உலக விலங்கு நல அமைப்பு என்று அழைக்கப்படும் நிறுவனத்தை பாரிஸில் தொடங்கின. ஆக, நீங்களும் நானும் புழங்கும் காகிதங்களின் பூர்வீகமே ஒரு துறைமுகத்தில் மாடுகளை இறக்கியதில்தான் இருக்கிறது. வெக்கை நோய் 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின்னால் தடுப்பூசிக்காரர்களோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்டவர்களும், கையெழுத்துப் போட மறுத்தவர்களும் இருக்கிறார்கள்.

2001-இல் பிரிட்டனில் கோமாரி பரவியபோது 60 லட்சம் கால்நடைகளுக்கு மேல் கொல்லப்பட்டன. சட்டவிரோதமாக வந்த இறைச்சி, சரியாக வேகவைக்காத எச்சில் உணவாகப் பன்றிகளுக்குப் போனதுதான் தொடக்கம் என்று கருதப்படுகிறது. காகிதம் இல்லாமல் வந்த இறைச்சி என்ன செய்யும் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல வேண்டும்?

சான்றிதழின் வாசகங்களையும் அலட்சியமாகப் படிப்பவன் அல்ல நான். கோமாரி இருக்கும் பகுதியிலிருந்து வரும் மாட்டிறைச்சிக்கான வாசகத்தைப் பாருங்கள். எலும்பு நீக்குவதற்கு முன் அறுத்த உடலை 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் குறைந்தது 24 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். அதன் பிறகு முதுகுத் தசையின் நடுவில், அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 6.0-க்குக் கீழே இருக்க வேண்டும். முக்கிய நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட வேண்டும். முதல் முறை படித்தபோது ஏதோ சம்பிரதாயம் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு மருத்துவர் உட்கார வைத்து விளக்கினார். அறுத்த பிறகு தசையில் அமிலம் ஊறும், அந்த அமிலத்தில் கோமாரி வைரஸ் பிழைக்காது. எலும்பு மஜ்ஜைக்கும் நிணநீர்க் கணுவுக்கும் அந்த அமிலம் போய்ச் சேராது, அங்கே வைரஸ் ஒளிந்திருக்கும். அதனால்தான் எலும்பையும் கணுவையும் எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு வரிக்குள் இத்தனை இருக்கிறது. அன்றிலிருந்து அந்த வரிகளைத் தட்டச்சு செய்யும்போது கொஞ்சம் மரியாதையோடுதான் செய்கிறேன்.

என் குறை அந்த வரிகளைப் பற்றியது இல்லை. அதே தாளில், அதே கையெழுத்தின் கீழ், அந்த மருத்துவர் பார்க்காத, பார்க்கவே முடியாத ஒரு விஷயத்தையும் எழுத வைக்கிறீர்களே, அதைப் பற்றியது.

ஒரு கன்டெய்னர் இறைச்சியைப் பற்றிய விவரங்கள் ஒரே நாளில் பிறப்பதில்லை. எந்த விலங்கு, எந்த அறுவைக்கூடம், எந்தத் தேதியில் அறுத்தது, எப்போது உறைய வைத்தது என்பதெல்லாம் வாரக்கணக்கில் முன்பே உறுதியாகிவிடும். அதைப் பார்த்தவர் மருத்துவர். பெட்டிகளின் எண்ணிக்கையும் நிகர எடையும் ஏற்றும் நாளில் தெரியும், எண்ணியவர் கிடங்குக்காரர். கன்டெய்னர் எண்ணும் சீல் எண்ணும் கதவு மூடும் நொடியில் தெரியும். 2016 ஜூலை 1 முதல் கட்டாயமான சரிபார்த்த மொத்த எடை, கன்டெய்னரின் சொந்த எடையையும் சேர்த்தது, துறைமுகத்துக்குள் போவதற்கு முன் தெரியும். கப்பலின் பெயர் எப்போது தெரியும்? கன்டெய்னரைத் தூக்கிக் கப்பலில் வைத்த பிறகுதான். அதற்கு முன் எழுதுவதெல்லாம் உத்தேசம்.

ஆனால் சுகாதாரச் சான்றிதழ், சரக்கு அதிகாரியின் கட்டுப்பாட்டை விட்டுப் போகும் முன் கையெழுத்தாகியிருக்க வேண்டும். அதாவது ஒரு உத்தேசத்தை, உறுதிமொழியோடும் முத்திரையோடும், உண்மை என்று எழுதித் தரச் சொல்கிறோம். உத்தேசம் பொய்த்தால் நடைமுறையில் திருத்தவும் வழி இல்லை.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். எல்லாமே திட்டப்படி நடந்தாலும், சான்றிதழில் எழுதிய கப்பல் பல நேரம் கடைசித் துறைமுகத்துக்குப் போவதே இல்லை. நடுவில் பெரிய துறைமுகம் ஒன்றில் கன்டெய்னரை இறக்கி வேறு கப்பலில் ஏற்றுவார்கள். டிரான்ஷிப்மென்ட் உங்களுக்குத் தெரியாததா? நாங்கள் எழுதுவது முதல் கப்பலின் பெயர், உங்கள் துறைமுகத்தில் நிற்பது இரண்டாவது கப்பல், சில சமயம் மூன்றாவது. அப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கன்டெய்னர் எண்ணைப் பார்க்கிறீர்கள், சீலைப் பார்க்கிறீர்கள், பில் ஆஃப் லேடிங்கில் பயணத்தைத் தொடர்ந்து பார்த்துத் திருப்தியாகிவிடுகிறீர்கள். வழியில் உள்ள துறைமுகத்தில் கப்பல் மாறினால் அது பயணம். முதல் துறைமுகத்திலேயே மாறினால் மட்டும் அது முரண்பாடு. இரண்டிலும் பூட்டிய கதவுக்குள் இருக்கும் இறைச்சிக்கு என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரியவே இல்லை.

கன்டெய்னர் எண்ணை ஏன் இவ்வளவு நம்புகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 11 எழுத்து கொண்டது அது. உரிமையாளரைக் குறிக்க மூன்று எழுத்து, வகைக்கு ஒன்று, பிறகு ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். முன்னால் உள்ள பத்தையும் ஒரு கணக்குப்படி பெருக்கிக் கூட்டி 11-ஆல் வகுத்தால் வரும் மீதியிலிருந்து அந்தக் கடைசி இலக்கம் வருகிறது. தட்டச்சில் ஒரு எழுத்து பிசகினால் பெரும்பாலும் கணக்கு உதைக்கும், கணினி உடனே சிவப்பு காட்டும். நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் வேலை செய்பவர்களை மனதில் வைத்து யாரோ வடிவமைத்திருக்கிறார்கள். கப்பல் பெயருக்கு இப்படி ஒரு பாதுகாப்பும் இல்லை. ஒரே நிறுவனத்தின் கப்பல்கள் அண்ணன் தம்பி மாதிரி ஒரே முதல் பெயரோடு அலைகின்றன, இரண்டாம் சொல்லில்தான் வித்தியாசம். அதில் எழுத்துப் பிழை விட்டவர்களில் நானும் ஒருவன்.

பெயர் தவறினால் வழியே இல்லையா என்றால், எழுத்தில் இருக்கிறது. உணவுத் தரங்களுக்கான கோடெக்ஸ் ஆணையம் 2001-லேயே அதிகாரப்பூர்வச் சான்றிதழ்களுக்கு வழிகாட்டி போட்டது. மாற்றுச் சான்றிதழ் தரலாம், அது மாற்று என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும், எந்தச் சான்றிதழுக்குப் பதிலாக வருகிறது என்று அதன் எண்ணையும் தேதியையும் எழுத வேண்டும், பழையதை ரத்து செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. நடைமுறையில் என்ன ஆகிறது? இந்தப் பக்கத்து அதிகாரி, கப்பல் போன பிறகு தேதி போட்டால் அந்தப் பக்கம் ஏற்க மாட்டார்கள் என்கிறார். அந்தப் பக்கத்து அதிகாரி, மாற்றுச் சான்றிதழ் வாங்கி வா என்கிறார். வாங்கிப் போனால், தேதி கப்பல் கிளம்பிய நாளுக்குப் பிந்தியது, ஏற்க முடியாது என்கிறார். திருத்தினால் தேதி தப்பு, திருத்தாவிட்டால் கப்பல் தப்பு.

இதற்கு நடுவில் வங்கி வேறு. எல்.சி. எனும் வங்கியின் கடன் உறுதிக் கடிதம் மூலம் பணம் வர வேண்டிய சரக்கு என்றால், அதற்கென 2007 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள யுசிபி 600 எனும் சர்வதேச விதிகளின்படி, மூல பில் ஆஃப் லேடிங் இருக்கும் ஆவணத் தொகுப்பை, சரக்கு ஏற்றிய 21 நாட்களுக்குள் வங்கியில் கொடுத்தாக வேண்டும். எல்.சி.யின் காலக்கெடு அதற்கு முன்பே முடிந்தால் அதற்குள். வங்கிக்காரர் இறைச்சியைப் பார்ப்பதில்லை, அவருக்கு அது தேவையும் இல்லை. தாள்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவா என்று மட்டும் பார்ப்பார். சுகாதாரச் சான்றிதழில் ஒரு கப்பல், பில் ஆஃப் லேடிங்கில் ஒரு கப்பல் என்றால் அவர் கண்ணுக்கு அது முதலில் படும். மாற்றுச் சான்றிதழுக்காக இரண்டு துறைகளுக்கு நடுவில் நாங்கள் அலையும்போது அந்த 21 நாளும் ஓடிக்கொண்டிருக்கும்.

தாமதம் என்றால் என்ன என்று எல்லா இறைச்சிக்கும் ஒரே கணக்கு போட முடியாது. மைனஸ் 18 டிகிரியில் உறைந்து கிடப்பது மின்சாரம் இருக்கும்வரை பொறுத்துக்கொள்ளும். செலவு ஏறும், டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம் ஏறும், வாங்குபவர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். உறைய வைக்காமல் காற்று நீக்கிய பையில் பூஜ்ஜியம் டிகிரிக்குச் சற்றுக் கீழே வைத்து அனுப்பும் குளிர்நிலை இறைச்சி அப்படி இல்லை. அதன் ஆயுள் சில வாரங்கள்தான், அதில் பெரும்பகுதியைக் கடலே தின்றுவிடும். மிச்சம் இருப்பதுதான் கடையில் விற்பதற்கான காலம். துறைமுகத்தில் போகும் ஒவ்வொரு நாளும் அதிலிருந்துதான் கழிகிறது. அதை உறைய வைத்துக் காப்பாற்றலாமே என்று சிலர் நினைப்பார்கள். ரீஃபர் கன்டெய்னர் இருக்கும் குளிரைக் காப்பாற்றும் பெட்டி, உறைய வைக்கும் இயந்திரம் இல்லை. அப்படியே உறைய வைத்தாலும் அது வேறு சுங்கக் குறியீடு, வேறு லேபிள், வேறு சான்றிதழ்.

சரி, வேறு நாட்டுக்குத் திருப்பிவிடலாமே என்று ஒரு அதிகாரி என்னிடம் சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஒவ்வொரு நாடும் தனக்கான உறுதிமொழிகளைக் கேட்கிறது. ஒரு நாடு, இன்ன மருந்து தீவனத்தில் கலக்கப்படவில்லை என்று கேட்கும். இன்னொன்று, தன்னிடம் பதிவு செய்த கூடத்தில்தான் அறுத்திருக்க வேண்டும் என்று கேட்கும். அறுக்கும் நாளில் யாரும் கண்காணிக்காத ஒன்றை, இரண்டு மாதம் கழித்து எந்த மருத்துவரும் உறுதி சொல்ல முடியாது, சொன்னால் அது பொய். ஆகவே தவறான நாட்டுக்கான சரியான சான்றிதழோடு நிற்கும் இறைச்சிக்குப் பெரும்பாலும் இரண்டே வழி: வந்த இடத்துக்கே திரும்புவது, அல்லது அழிப்பது. 25 டன் நல்ல இறைச்சியை ஒரு கப்பலின் பெயருக்காக அழிப்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

எங்கள் பக்கத்துத் தப்பை மறைத்துக்கொண்டு உங்களைக் குறை சொல்வது நியாயமில்லை. போன மாதக் கோப்பைத் திறந்து, பெயரை மாற்றிச் சேமித்து, விவரங்களை அதன் மேலேயே தட்டச்சு செய்யும் வழக்கம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. நேரம் மிச்சம். ஆனால் பழைய கோப்பிலிருந்து ஏதாவது ஒரு எண் மாறாமல் தங்கிவிடும். ஒருமுறை நான் அப்படி முந்தைய சரக்கின் அறுவைக்கூட எண்ணை அப்படியே விட்டுவிட்டேன். பிடித்தது மறுகரையில் இருந்த ஒரு கண்காணிப்பாளர். அன்று அந்தக் கன்டெய்னரை நிறுத்தினார்கள், நிறுத்தியது சரி. அறுவைக்கூட எண் தப்பு என்றால் அந்த இறைச்சி எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை என்று அர்த்தம். தேதி விஷயமும் அப்படித்தான். 03/04 என்று எழுதினால் ஒருவருக்கு ஏப்ரல் 3, இன்னொருவருக்கு மார்ச் 4. அறுத்த தேதியில் இந்தக் குழப்பம் வந்தால் இறைச்சிக்கு ஒரு மாத வயது கூடும் அல்லது குறையும். மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லும் படிவங்களைப் பார்த்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

சுங்கத்துறை நண்பர்களிடமும் ஒன்று. உங்கள் நேரம் தேவைப்படும் நிஜக் கேள்விகள் இந்தத் தொழிலில் ஏராளம். சரக்குகளை வகைப்படுத்த 1988 முதல் நடப்பில் உள்ள எச்.எஸ். எனும் சர்வதேசச் சுங்கக் குறியீட்டில் இரண்டாம் அத்தியாயம் முழுக்க இறைச்சி. உறைந்த மாட்டிறைச்சி 0202, அதில் எலும்போடு என்றால் ஒன்று, எலும்பில்லாமல் என்றால் ஒன்று. உள்ளுறுப்புகள் 0206, கோழி 0207, உப்பிட்டது, உலர்த்தியது, புகையூட்டியது 0210. பார்க்க எளிது. எவ்வளவு உப்பு போட்டால் உப்பிட்ட இறைச்சி? ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வந்துகொண்டிருந்த உறைந்த கோழித் துண்டுகளில் 1.2 முதல் 3 சதவீதம் வரை உப்பு இருந்தது. 0210 என்று வந்துகொண்டிருந்ததை 2002-இல், உப்பு நீண்டகாலப் பாதுகாப்புக்காகப் போட்டதல்ல என்று சொல்லி, வரி அதிகமான 0207-க்கு மாற்றினார்கள். பிரேசிலும் தாய்லாந்தும் உலக வர்த்தக அமைப்புக்குப் போயின. 2005-இல் மேல்முறையீட்டு அமைப்பு அந்த இரண்டு நாடுகள் பக்கமே தீர்ப்பு சொன்னது. ஒரு சிட்டிகை உப்புக்கு இவ்வளவு சட்டம். அறிவும் அனுபவமும் உள்ள அதிகாரிகள் மூளையைச் செலவழிக்க வேண்டியது இது மாதிரிக் கேள்விகளில். கப்பல் பெயரின் எழுத்துக்கூட்டலைப் பொருத்திப் பார்ப்பதை ஒரு இயந்திரம் செய்யட்டும்.

இனி நான் கேட்பது.

சுகாதாரச் சான்றிதழின் உறுதிமொழிப் பகுதியிலிருந்து கப்பலின் பெயரையும் பயண எண்ணையும் எடுத்துவிடுங்கள். கடல் வழி என்று மட்டும் இருந்தால் போதும். சரக்கை அடையாளம் காண கன்டெய்னர் எண், சீல் எண் இரண்டும் இருக்கட்டும். எந்தக் கப்பல் என்பதை பில் ஆஃப் லேடிங்கும் மேனிஃபெஸ்ட் எனும் கப்பல் சரக்குப் பட்டியலும் சொல்லும், அதைச் சொல்ல வேண்டியவர்களும் கப்பல்காரர்கள்தான். கட்டத்தை எடுக்கவே முடியாது என்றால், அது உத்தேசம், மாறக்கூடியது என்று படிவத்திலேயே அச்சிட்டுவிடுங்கள். காலியாக விட்டுக் கையெழுத்து வாங்கிப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று தயவுசெய்து யோசனை சொல்லாதீர்கள். கையெழுத்துக்குக் கீழே காலியிடம் விடக் கூடாது, கோடு போட்டு அடிக்க வேண்டும் என்பது நல்ல விதி. அதை மீற ஆரம்பித்தால் நாளைக்குக் கப்பல் பெயரோடு வேறு எதையும் நிரப்புவார்கள்.

அடுத்தது, பிழைகளைப் பிரியுங்கள். விலங்கின் இனம், அறுவைக்கூட எண், அறுத்த தேதி, உறுதிமொழியின் வாசகம், சீல் எண் தப்பு என்றால் நிறுத்துங்கள், கேள்வி கேளுங்கள், தேவைப்பட்டால் திருப்பியும் அனுப்புங்கள். கப்பல், பயண எண், வாங்குபவர் முகவரியில் ஒரு எழுத்து, இதெல்லாம் இரண்டு துறைகளுக்கு நடுவில் ஒரு மின்னஞ்சலில் முடிய வேண்டியவை. அனுப்பும் துறையின் எந்த முகவரியிலிருந்து வந்தால் ஏற்பீர்கள் என்று முன்கூட்டியே பரிமாறிக்கொள்ளுங்கள். எங்கள் வழியாக வர வேண்டியதே இல்லை. நாங்கள் நடுவில் தபால்காரராக நிற்பதால்தான் நம்பிக்கைக் குறைச்சலும் வருகிறது, தாமதமும் வருகிறது.

மின்மயம் பற்றி நிறையப் பேசுகிறார்கள். கோடெக்ஸ் வழிகாட்டியில் 2021-இல் காகிதமில்லாச் சான்றிதழ் பரிமாற்றத்துக்கென்று தனியாகவே சேர்த்துவிட்டார்கள். 2024 ஜனவரி 1 முதல் துறைமுகங்களில் கப்பல் விவரங்களை மின்வழியில் ஒரே இடத்தில் தரும் ஒற்றைச் சாளர முறை சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதிப்படி கட்டாயம். சில நாடுகளின் கால்நடைத் துறைகள் நேரடியாக ஒன்றுக்கொன்று தரவு அனுப்பிக்கொள்கின்றன, அந்த வழியில் போகும் சரக்குக்கு இந்த மடலே தேவைப்பட்டிருக்காது. மற்ற இடங்களில் மின்மயம் என்பது தாளை ஸ்கேன் செய்து அனுப்புவது. அனுப்பிய பிறகு அசலும் வேண்டும், கையெழுத்து மை அச்சின் நிறத்திலிருந்து வேறாகவும் இருக்க வேண்டும். கையெழுத்தை நகல் எடுத்து ஏமாற்றிய காலத்தில் அந்த மை விதி புத்திசாலித்தனமானது. இப்போது நல்ல நீல மையை எந்தப் பிரிண்டரும் அச்சிடும். நான்கு மருத்துவர்களுக்கு நீலப் பேனா வாங்கிக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கடைசியாகக் கேட்பது எல்லாவற்றையும்விட எளிது. சான்றிதழைக் கப்பல் வரும் முன் படியுங்கள். தூரத்துத் துறைமுகம் என்றால் கப்பல் 20 நாள், 30 நாள் கடலில் இருக்கிறது. அதன் நகல் கிளம்பிய வாரத்திலேயே உங்களிடம் வந்துவிடுகிறது. ஆனால் பல இடங்களில் கப்பல் கரை தொட்ட பிறகுதான் கோப்பைத் திறக்கிறீர்கள். 2017 பிப்ரவரி 22 அன்று நடப்புக்கு வந்த, உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம், சரக்கு வரும் முன்பே ஆவணங்களை வாங்கிப் பரிசீலிக்கச் சொல்கிறது. கெட்டுப்போகும் பொருட்களை முடிந்தவரை சீக்கிரம் விடச் சொல்கிறது. பெரிய தாமதம் ஆனால், எழுதிக் கேட்பவருக்கு இயன்றவரை காரணம் சொல்லச் சொல்கிறது. உங்களில் பெரும்பாலானோரின் அரசுகள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே இந்தக் கட்டம் பொருந்தவில்லை என்று ஒரு வரி அனுப்பினால், எங்களுக்கு அதைச் சரிசெய்ய மூன்று வாரம் கிடைக்கும். அந்த மூன்று வாரத்தில் கன்டெய்னருக்கான மின்சாரத்தைக் கப்பலே கொடுத்துக்கொண்டிருக்கும்.

இறக்குமதிக்கான புதிய மாதிரிச் சான்றிதழ் கொண்டுவரும்போது உலக வர்த்தக அமைப்புக்கு அறிவித்து, கருத்துச் சொல்ல வழக்கமாக 60 நாள் தருகிறீர்கள். அந்த 60 நாளில் வரைவு அமைச்சகங்களுக்குப் போகிறது, சங்கங்களுக்குப் போகிறது. அதை நிரப்பப் போகும் எங்களிடம் பெரும்பாலும் வருவதில்லை. அடுத்த வரைவைத் துறைமுக வாசலில் எங்கள் மாதிரி ஆட்கள் நாலு பேரிடமும் ஒருமுறை காட்டுங்கள். கப்பல் பெயருக்குக் கட்டம் இருந்தால் அன்று சாயங்காலத்துக்குள் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிக்கும் ஒருவன்